இன்னொரு சீனிவாசலு

கிரைண்டர் ரிப்பேர் செய்யும் சீனிவாசலுவுக்கு யாரிடமும் முடியாது என்று சொல்லி வழக்கமில்லை. ஊரார் அதை மரியாதை என்பார்கள். மனைவி கனகம் மட்டும் பயம் என்பாள். அவள் சொன்னதுதான் சரி.

அவர்கள் வார்டில் காலங்காலமாக இரண்டே கட்சிதான். ஒன்று சலித்தால் மற்றது; குழாயில் தண்ணீர் மட்டும் எப்போதும் பத்து நாளைக்கு ஒருமுறை. இந்தத் தடவை ஒரு சின்னக் கட்சி, ஜன்னல் சின்னத்தில் ஆள் நிறுத்தியது. தண்ணீருக்காக ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கி மனுப் போட்ட மனுஷன். அவர் பேரும் சீனிவாசலு. மூன்றாவதாக ஒரு வழி கிடைத்ததில் ஜனங்களுக்குச் சந்தோஷம். பெரிய கட்சிக்காரர் ஒருவருக்கு அது பொறுக்கவில்லை. நேராகக் கிரைண்டர் கடைக்கு வந்தார்.

"ஏனுங்க, நீங்களும் சும்மா சுயேச்சையா நின்னுபோடுங்க. ஒரு கையெழுத்துத்தானுங்க."

எதற்கு என்று தெரியாத அளவுக்குச் சீனிவாசலு அப்பாவி இல்லை. தெரிந்தேதான் போட்டார். அலமாரிச் சின்னம் கிடைத்தது. ஒருநாளும் ஓட்டுக் கேட்டுப் போகவில்லை. எண்ணி முடித்தபோது அவருக்கு நூற்றுப் பன்னிரண்டு ஓட்டு. ஜன்னல்காரர் தோற்றது வெறும் நாற்பத்தொரு ஓட்டு வித்தியாசத்தில். அன்றிலிருந்து கிரைண்டர் சீனிவாசலுவுக்குத் தெருவில் தலைகாட்டவே கூசியது.

வேலை விடுமா? பக்ருன்னிசா வீட்டில் கிரைண்டர் சுற்றவில்லை என்று போன் வந்தது. பத்து வருடப் பழக்கம்தான். ஆனால் அந்த அம்மாவுக்கு அவர் வெறும் 'கிரைண்டர் தம்பி', பேர் தெரியாது. அறுந்த பெல்ட்டை அவர் கழற்றிக்கொண்டிருக்க, அந்த அம்மா தேர்தல் பேச்சை எடுத்தார். தண்ணீருக்கு அலைந்தவர் தோற்றுவிட்டார் என்று கேட்டதும் அன்றைக்குச் சோறே இறங்கவில்லையாம்.

"எனக்குக் கண்ணு சரியாத் தெரியாதுங்க தம்பி. ஆனா சீனிவாசலுங்கற பேரை எழுத்துக்கூட்டிப் பாத்துத்தான் அமுக்குனேன். அலமாரிச் சின்னம். அவரு தோத்தாலும் என் ஓட்டாச்சும் அவருக்குப் போய்ச் சேந்துருச்சுல்லைங்க?"

சீனிவாசலுவின் கை அப்படியே நின்றது. அந்த அலமாரி நான்தான் என்று சொல்லிவிட வேண்டும். நாக்கு நுனி வரை வந்தது.

"சேந்துருச்சுங்கம்மா" என்றார்.

அந்த அம்மா நிம்மதியாகச் சிரித்தார். புது பெல்ட்டில் கல் சுற்றத் தொடங்கிய பிறகும் சீனிவாசலு குனிந்த தலையை நிமிர்த்தவில்லை.