இரண்டாம் பாடத்தைத் திருத்திய ருக்கையா

ருக்கையாவைப் பற்றிச் சொல்லச் சொன்னால் எனக்கு முதலில் கோபம்தான் வரும். அவள் மேல் இல்லை, அவளைப் படாதபாடு படுத்திய அந்தப் புத்தகத்தின் மேல்.

நான் பெரியகருப்பன். போடியிலிருந்து போடிமெட்டு வழியாகக் கேரளத்து ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்பு ஓட்டுகிறேன். காலை ஆறு மணிக்குப் பதினான்கு பெண்களை ஏற்றினால், சாயங்காலம் ஆறரைக்குத்தான் ஊரில் இறக்கிவிடுவேன். இருபத்தாறு வருடமாக இதுதான் என் சோலி.

ருக்கையா போடிக்காரி. அவளைப் பெற்ற அத்தா சாதிக் பாட்சா ஏலக்காய்க் கடை வைத்திருந்தார். தன் மகன் ஃபயாஸ் பள்ளிக்கூடம் போன பிறகு தபாலில் படித்து பி.ஏ. முடித்தவள். ஓர் அறக்கட்டளை, பிள்ளைகளை அடிக்காமல் வளர்ப்பது எப்படி என்று பெற்றோருக்குச் சொல்லித்தரும் திட்டம் ஒன்றைத் தொடங்கியபோது, போடிக்கு அவளைத்தான் போட்டார்கள். மொத்தம் பன்னிரண்டு பாடம். எந்த நாட்டிலோ எழுதி, சென்னையில் தமிழாக்கிய புத்தகம்.

சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு மண்டபத்தில் வகுப்பு வைக்கச் சொன்னது புத்தகம். நான்கு மணிக்கு எங்கள் பெண்கள் மலைமேல் ஏலச்செடிக்குள் குனிந்து காய் எடுத்துக்கொண்டிருப்பார்கள். முதல் சனிக்கிழமை காலி நாற்காலிகளுக்கு முன்னால் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாளாம். திங்கட்கிழமை விடிந்ததும் என் ஜீப்புக்கு முன்னால் வந்து நின்றாள். மெட்டு ஏற ஒரு மணி நேரம் ஆகிறது, இவர்கள் சும்மாதானே உட்கார்ந்து வருகிறார்கள், நானும் வருகிறேன், மெட்டில் இறங்கி பஸ்சைப் பிடித்துத் திரும்பிவிடுகிறேன் என்றாள். என் ஜீப்பு பள்ளிக்கூடமில்லை என்று எரிந்து விழுந்தேன். காதில் வாங்கினால்தானே, ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

முதல் பாடம் சிரிப்பாய்ச் சிரித்தது. பிள்ளை அடம்பிடித்தால் தனி அறைக்கு அனுப்பி ஐந்து நிமிடம் யோசிக்க விட வேண்டுமாம். எங்கள் வீடே ஓர் அறைதான், பிள்ளையை அங்கே விட்டால் நாங்களெல்லாம் ரோட்டில் நின்று யோசிக்க வேண்டியதுதான் என்றாள் மூக்கம்மாள். ருக்கையாவும் சேர்ந்து சிரித்தாள். எனக்கு வளைவில் ஸ்டியரிங் நழுவாதது பெரிய விஷயம்.

இரண்டாம் பாடத்தில்தான் வசமாக மாட்டினோம். பிள்ளையின் முகத்தைப் பார்த்து, பெயர் சொல்லி, தினமும் மூன்று முறை பாராட்டுங்கள் என்றிருந்தது. எல்லோரும் தலையாட்டினார்கள். மூக்கம்மாள் சொன்ன சொல் தட்டாதவள். அன்றைக்கே தன் ஒன்பது வயது மகள் பாண்டீஸ்வரியை எதிரில் நிறுத்தி, நீ கெட்டிக்காரி, நீ அழகி என்று மூன்று தடவை சொல்லிவிட்டாள். மறுநாள் பிள்ளைக்கு அனலாய்க் காய்ச்சல். பெற்ற தாயின் கண்ணே பட்டுவிட்டது என்று தெரு முழுக்கப் பேச்சு.

அடுத்த வாரம் ருக்கையா ஏறியதும் பதினான்கு பேரும் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கினார்கள். தூங்கினார்களாவது, அத்தனையும் நடிப்பு. அவளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. மெட்டில் டீக்கடையில் வைத்து நான்தான் விஷயத்தை உடைத்தேன். காய்ச்சல் எந்த வீட்டில்தான் வரவில்லை, இதெல்லாம் ஒரு காரணமா என்றாள். எனக்குப் பொசுக்கென்று கோபம் வந்துவிட்டது.

"ஏந்தங்கச்சி, ஒம் மகன் ஃபயாஸ நீ எப்பிடி மெச்சுவ? வெறுமனே மெச்சிருவியா?"

அவள் டீ கிளாசைக் கீழே வைத்தாள்.

"மாஷா அல்லாஹ் சொல்லாம நான் ஒரு நாளும் அவன மெச்சுனதில்லண்ணே," என்றாள். "எம் பிள்ளைக்கு ஒரு காப்ப வச்சுக்கிட்டு, இவுகளுக்கு வெறுங்கையா சொல்லிக் குடுத்துட்டேனே."

மறுநாளே வந்து, அத்தனை பேர் முன்னாலும் மூக்கம்மாளிடம் மன்னிப்புக் கேட்டாள். படித்தவள் மன்னிப்புக் கேட்டு நான் அதுவரை பார்த்ததில்லை. பிறகு, நீங்கள் உங்கள் பிள்ளைகளை எப்படி மெச்சுவீர்கள், அதைச் சொல்லுங்கள் என்றாள். அவ்வளவுதான், ஜீப்பே இரைந்தது. பிள்ளையிடம் நேரே சொல்லக் கூடாது, அடுத்த வீட்டுக்காரியிடம் சொல்ல வேண்டும், ஆனால் பிள்ளை காதில் விழ வேண்டும் என்றாள் ஒருத்தி. கழுதை என்று தொடங்கினால் கண் அண்டாது என்றாள் இன்னொருத்தி. முடித்ததும் நெட்டி முறித்துவிட வேண்டும் என்று எல்லோரும் சேர்ந்து சொன்னார்கள். ருக்கையா அத்தனையும் எழுதிக்கொண்டாள். புத்தகத்தில் இருந்த அந்தப் பாராட்டு வரிகளைப் பேனாவால் அடித்தாள். பிள்ளைகளின் புகழைக் கேட்டுக் கேட்டே அதன் பிறகு நான் மலையேறினேன்.

இதை அவள் மறைக்காமல் சென்னையில் இருக்கும் அறக்கட்டளைக்கு எழுதினாள். வந்தது வினை. புத்தகம் ஆராய்ந்து எழுதியது, மாற்றக் கூடாது, மேடம் ஒருவர் பெண்களின் வீட்டுக்கே வந்து சோதிப்பார், தேறாவிட்டால் போடியில் திட்டத்தை நிறுத்திவிடுவோம் என்றார்கள். வேலை போவதுகூட ருக்கையாவுக்குப் பெரிதாகப் படவில்லை. பெற்ற பிள்ளையை மெச்சத் தெரியாதவர்கள் என்று இந்தப் பெண்களை ஒரு தாளில் எழுதிவைத்துவிட்டுப் போவார்களே, அதுதான் அவளுக்கு ஆறவில்லை. எனக்கும் ஆறவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அந்த மேடத்தையும் ருக்கையாவையும் மூக்கம்மாள் வீட்டுக்கு நான்தான் கூட்டிப்போனேன். மேடம் நல்ல மாதிரியான மனுஷிதான். தரையில் உட்கார்ந்து, மடியில் தாளை வைத்துக்கொண்டார். தாயும் மகளும் பேசுவதைப் பார்த்து, பாராட்டுக்கு ஒரு கோடு, ஏச்சுக்கு ஒரு கோடு போட வேண்டும். நான் வாசலில் நின்றேன். பாண்டீஸ்வரி தம்பிக்குத் தலை சீவிக்கொண்டிருந்தாள். மூக்கம்மாள் மகள் பக்கம் திரும்பவே இல்லை, ருக்கையாவைப் பார்த்துத்தான் பேசினாள்.

"இந்தக் கழுதையப் பாருங்கக்கா. நான் மலையவிட்டு எறங்கி வர்றதுக்குள்ள ஒலை வச்சு, தம்பியக் குளிப்பாட்டி, வீட்டுப் பாடத்தையும் எழுதி வச்சுருது. இதுக்கு யாரு சொல்லிக் குடுத்தாகளோ."

சொல்லி முடித்து, மகளின் முகத்தை இரண்டு கையாலும் வழித்து, விரல்களைத் தன் நெற்றிப்பொட்டில் வைத்து நெட்டி முறித்தாள். பத்து விரலும் சடசடத்தன.

மேடத்தின் பேனா ஏச்சுக்கு ஒரு கோடு போட்டது. பாராட்டுக்கு ஒன்றுமில்லை. பக்கத்திலிருந்த ருக்கையா அதைப் பார்த்துவிட்டாள். முகம் சிவந்துபோயிற்று. சண்டை போடப்போகிறாள் என்றுதான் நினைத்தேன்.

"என்னைய நம்ப வேணாம் மேடம்," என்றாள். "பிள்ளைகிட்டயே கேட்டுட்டுக் கோடு போடுங்க."

மேடம் பாண்டீஸ்வரியைக் கூப்பிட்டு, அம்மா உன்னைத் திட்டினார்களா என்று கேட்டார். அவள் இதுகூடத் தெரியாதா என்பதைப்போல அவரைப் பார்த்தாள்.

"திட்டுறதுன்னா என்னையப் பாத்துத்தான திட்டும். நல்லதுன்னாத்தான் ஊருக்கெல்லாம் சொல்லும்."

மூக்கம்மாள் மூக்கை உறிஞ்சினாள். மேடம் தான் போட்ட கோட்டைத் தானே அடித்தார். அடித்துவிட்டு, இரண்டாம் பாடத்தை நீங்களே எழுதி அனுப்புங்கள், அப்படியே அச்சாகட்டும் என்று ருக்கையாவிடம் சொன்னார். தங்கச்சி என்னைப் பார்த்தாள். நான் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

மூன்று மாதத்தில் புதுப் புத்தகம் வந்தது. இப்போது எங்கள் பக்கத்தில் ஒன்பது ஜீப்புகளில் அந்தப் பாடம் நடக்கிறது. எழுதியவர் என்ற இடத்தில் ருக்கையா தன் பெயரைப் போட்டுக்கொள்ளவில்லை. ஜீப்பில் வந்த பதினான்கு பெண்களின் பெயரையும் வரிசையாகப் போட்டிருந்தாள். எழுத்து வாசனையே இல்லாத மூக்கம்மாள், எது தன் பெயர் என்று மகளிடம் கேட்டு, அந்த இடத்தை மடித்து வைத்துக்கொண்டாள். ஜீப்பில் புதிதாக யார் ஏறினாலும் பக்கத்தை விரித்து, அங்கே விரலை வைத்துக் காட்டுகிறாள்.

"இந்தா, இது நான். இந்தப் பாடம் நாங்க எழுதுனது."