இழுப்பதற்கு முன்

ஞாயிற்றுக்கிழமைகளில் மருதப்பன் செயின்சாவின் சங்கிலியை அராவினார். சிங்கப்பூரின் புக்கிட் பாத்தோக்கில் எட்டாவது மாடி வீடு. சமையலறை மேசையின் விளிம்பில் இறுக்கிப் பிடிக்கும் சிறிய வைஸ், அதில் சங்கிலி ஓடும் இரும்புத் தகடான பார், பாரைச் சுற்றிச் சங்கிலி. வட்ட அரத்தை ஒவ்வொரு பல்லிலும் முன்னோக்கி மட்டும் தள்ளினார். திரும்பும்போது தூக்கிக்கொண்டார்.

கூட்டாளி கபீர் இறந்த பிறகு அந்தச் சங்கிலி ஒரு மரத்தையும் தொடவில்லை. பற்கள் கூராகத்தான் இருந்தன. கூரான பல்லை அராவினால் தேய்வது சங்கிலியின் ஆயுள். தெரிந்தும் அராவினார். அரம் மழுங்கியபோது தேக்கா கடைத்தெருவுக்குப் போய் இன்னொன்று வாங்கி வந்தார். ஞாயிற்றுக்கிழமைக்கு வேறு வேலை இல்லை.

அஹமது கபீரும் அவரும் பங்களா வீடுகளில் மரம் வெட்டியவர்கள். மருதப்பன் வெட்டுவார். கபீர் தள்ளி, கண்ணுக்குக் கண் தெரிகிற இடத்தில் நிற்பார். தனியாக இயந்திரத்தை ஸ்டார்ட் செய்யக் கூடாது என்பது இருவருக்கும் இடையே இருந்த ஒரே சட்டம். கபீர் கையைத் தூக்கிய பிறகுதான் மருதப்பன் ஸ்டார்ட் செய்யும் கயிற்றை இழுப்பார்.

"என் மூஞ்சியையே ஏன் பாக்குறே?" என்று ஒருமுறை மருதப்பன் கேட்டார்.

"உன் மூஞ்சிய யாருடா பார்த்தா? கைய எண்ணுறேன் லா. ரெண்டும் இருக்கு. இழு."

அன்றிலிருந்து அதுவே வழக்கமாயிற்று. ரெண்டும் இருக்கு, இழு. வேலை முடிந்ததும் கபீர் மறுபடி எண்ணுவார்.

கபீர் தூக்கத்தில் போனார். இயந்திரம், அவர்கள் வழக்கமாக அதை வைக்கும் செடி நர்சரியின் பின்கொட்டகையில், டேங்கில் பாதிப் பெட்ரோலோடு கிடந்தது. நீண்ட நாள் வைப்பதென்றால் டேங்கைக் காலி செய்து, பிறகு ஸ்டார்ட் செய்து, கார்புரேட்டரில் மிச்சமிருப்பது எரிந்து தானாக நிற்கும்வரை ஓடவிட வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே பிசினாகி அடைத்துக்கொள்ளும். இரண்டு நிமிட வேலைதான். அதற்கு இன்னொரு ஆள் வேண்டும்.

ஒரு ஞாயிறு பாரையும் சங்கிலியையும் செய்தித்தாளில் சுற்றி, பேருந்தில் மடிமேல் வைத்துக்கொண்டு நர்சரிக்குப் போனார். ஏர் ஃபில்டரைத் தட்டினார். எண்ணெய்த் துளையின் அடைப்பைக் குத்தி எடுத்தார். பாரைத் தலைகீழாகத் திருப்பி மாட்டினார், ஒரே பக்கம் தேயாமலிருக்க. செயின் பிரேக்கைத் தள்ளிப் பார்த்தார். 'டக்'கென்று பிடித்தது. பெட்ரோலைக் கேனில் வடித்தார். பிறகு, தொட்டிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த நர்சரி வேலையாள் அசோக்கை அழைத்தார்.

"ரெண்டு நிமிஷம் அங்க நில்லு தம்பி."

அசோக் நின்றான். மருதப்பன் இயந்திரத்தைத் தரையில் வைத்து, பின்கைப்பிடியை மிதித்துக்கொண்டு நிமிர்ந்தார். அசோக் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஸ்டார்ட் பண்ணுங்க அண்ணே. நிக்கிறேன்ல?"

"நிக்கிறே. பார்க்கலையே."

"எதைப் பார்க்கணும்?"

மருதப்பன் கைப்பிடியிலிருந்து காலை எடுத்தார். அசோக் சற்று நின்றுவிட்டுத் தண்ணீர்க் குழாயிடம் போனான்.

கபீரின் மகள் ஃபஸீலாவைக் கைப்பேசியில் அழைத்தார். அவளுக்கு தஞ்சோங் பகாரில் வேலை. ஞாயிறு என்பதால் அம்மாவோடு வீட்டில் இருந்தாள். விஷயத்தைக் கேட்டுச் சிரித்தாள்.

"மாமா, வீடியோ கால் போடுங்க. நான் பார்க்கிறேன்."

"ரத்தம் வந்தா உன் போன் ஓடி வந்து கட்டுப் போடுமா?"

அவள் சிரிப்பு நின்றது. பின்னால் கபீரின் மனைவி சம்சுன்னிசாவின் குரல் கேட்டது. "யாரு, மருதப்பண்ணனா? இத்தா முடியட்டும், நான் வந்து நிக்கிறேன்னு சொல்லு."

கணவன் இறந்தபின் பெண் வெளியே போகாமலிருக்கும் காலம் அது. இன்னும் சில வாரங்கள் இருந்தன.

"நீ அங்க போய் என்னம்மா பண்ணப் போறே?" என்றாள் ஃபஸீலா.

"உங்க அத்தா என்ன பண்ணாரோ அதை."

மருதப்பன் கைப்பேசியைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"அம்மா கேக்குறாங்க. வந்து என்ன சொல்லணுமாம்?"

"எண்ணிப் பார்த்துட்டு, ரெண்டும் இருக்குன்னு சொன்னா போதும்."

அவர் ஸ்டார்ட் செய்யவில்லை. கார்புரேட்டரில் இருந்தது அங்கேயே இருந்தது. பிசினாகலாம். ஆனால் கழற்றிக் கழுவிவிடலாம். பாரையும் சங்கிலியையும் கழற்றி, மறுபடி செய்தித்தாளில் சுற்றினார். திரும்பும் பேருந்தில் பக்கத்து இருக்கை கடைசிவரை காலியாகவே வந்தது.

அடுத்த ஞாயிறு வைஸில் சங்கிலியைப் பூட்டினார். அரத்தை எடுத்தார். ஒரு பல்லைக் கட்டைவிரல் நகத்தில் வைத்துப் பார்த்தார். கூர்.

சம்சுன்னிசா வரும்வரை இந்தச் சங்கிலி தேயாமல் இருக்க வேண்டும். அதன்மேல் எண்ணெய் தடவி, அரத்தை டிராயரில் போட்டு மூடினார். பகல் முழுக்க மிச்சமிருந்தது.