நாகமணி எழுதிய கடைசி அத்தியாயம்

"கதவைத் திறந்தவன் திடுக்கிட்டுப் பின்வாங்கினான்... ஆராரோ... தரையெல்லாம் ரத்தம்... ஆரிரரோ... கட்டிலுக்கு அடியில் ஒரு வெள்ளைக் கை..."

நாகமணியின் வலது கால் கட்டைவிரலில் ஒரு கயிறு, இடது காலில் ஒன்று, இடது கையில் ஒன்று. மூன்றும் மூன்று சாரோங் துணித் தொட்டில்களுக்குப் போகின்றன. வலது கையில் மர்ம நாவல். பக்கம் புரட்ட மோவாய். வெள்ளைக் கை வந்த இடத்தில் இரண்டாவது தொட்டிலில் சிணுங்கிக்கொண்டிருந்த குழந்தை கொட்டாவி விட்டுக் கண்ணை மூடியது.

கோல சிலாங்கூர் பக்கம், ஜெராமுக்கு உள்ளே தள்ளி இருக்கும் ஒரு செம்பனை எண்ணெய்த் தோட்டத்தின் ஆயாக்கொட்டகை அது. தாய்மார்கள் உதிர்ந்த பழம் பொறுக்கவும் உரம் போடவும் போனபிறகு பதினோரு குழந்தைகளும் நாகமணியின் பொறுப்பு. நாற்பத்திரண்டு வயது. அகலமான முகம், அதைவிட அகலமான சிரிப்பு. பன்னிரண்டு வருடமாக ஆயா. பால் காய்ச்சுகிறாள், கோவணம் துவைக்கிறாள், பதினோரு முகத்துக்கும் ஒரே அளவாகப் பவுடர் போடுகிறாள். இத்தனைக்கும் நடுவில் மாதம் ஐந்து நாவல் படித்துவிடுகிறாள்.

நாவல்களைக் கொண்டுவருபவர் அவள் கணவர் சேது. ஆலைக்குப் பழக்குலை ஏற்றிப்போகும் லோரி ஓட்டுநர். திரும்பி வரும்போது பட்டணத்துக் கடையில் நிறுத்தி, புதிதாக வந்த மாத நாவல்களை வாங்கி, இருக்கைக்கு அடியில் வைத்துக் கொண்டுவருவார். அட்டையில் துப்பாக்கியா, குதிரையா, தாலியா என்று மட்டும் பார்ப்பார். மூன்றிலும் ஒவ்வொன்று இருந்தால் வீட்டில் அன்றைக்கு மீன் குழம்பு.

மூன்றுக்கும் நாகமணி தனித்தனிச் சட்டம் வைத்திருக்கிறாள். துப்பாக்கி, வெயில் அடிக்கும் காலையில் மட்டும். "மழ மூட்டமா இருந்தா கொலக்கத படிக்கமாட்டேங்க. எனக்கே பயமா இருக்கும்லா" என்கிறாள். குதிரை, பகல் சாப்பாட்டுக்குப் பிறகு. போர் வந்துவிட்டால் தொட்டில்களும் போர்க்களத்துக்குப் போய்விடும். "ஆயாம்மா, ராசா மெதுவா போகட்டும், புள்ள விழுந்திரப்போவுது" என்று ஒருத்தி வாசலிலிருந்து கத்தியதை நானே கேட்டிருக்கிறேன். தாலி, வீட்டில் மட்டும். குடும்ப நாவல் என்றால் நாகமணி மூன்றாவது பக்கத்திலேயே அழுதுவிடுவாள். கொட்டகையில் அவள் அழுதால் பதினோரு குழந்தையும் அழும்.

என் தங்கை இந்தத் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி ஆசிரியரின் மனைவி. பள்ளி விடுமுறைதோறும் கிள்ளானிலிருந்து வந்து தங்குவேன். தொடர்கதை எழுதுகிறவள் என்று தெரிந்ததும் நாகமணி என்னை உட்காரவைத்து விசாரித்தாள். "உங்க கதையில வர்ற மாமியாருங்க ஒருத்தியாவது துணி தொவைக்கிறாளா? முழு நேரமும் கண்ண உருட்டிக்கிட்டே இருந்தா வீட்டு வேலைய யாரு பாக்குறது?" அதற்குப் பிறகு என் தொடரில் மாமியாருக்கு ஒரு கூடை துணி கொடுத்தேன். கதை உண்மையாகவே கொஞ்சம் நன்றாக வந்தது.

காலை பத்து மணிக்குப் பெண்கள் கொட்டகைக்கு வருவார்கள். பால் கொடுக்க வருகிறவர்கள் மட்டுமல்ல, சும்மா கறுப்புக் காப்பி குடிக்க வருகிறவர்களும்தான். அந்தக் கால்மணி நேரத்தில்தான் கதை முன்னே நகரும். மற்ற நேரமெல்லாம் படித்த பக்கங்களையே மறுபடி படித்துத் தொட்டிலாட்டுவாள். குழந்தைகள் அதற்குக் கோபித்துக்கொள்வதில்லை. கொட்டகையில் ஒரு மர்ம நாவல் இப்படி இரண்டு மாதம் ஓடும்; மற்றவற்றை வீட்டில் படித்து முடிப்பாள். ஊரில் நாலு வீட்டில் வீடியோ வந்தபிறகும் இந்தக் கால்மணி நேரத்துக்குக் கூட்டம் குறையவில்லை.

முடிவை மட்டும் முன்கூட்டித் தொடமாட்டாள். காற்றில்கூடத் திறந்துவிடக்கூடாது என்று கடைசி இருபது பக்கத்தையும் சேர்த்து ஒரு துணிக் கவ்வி போட்டுவிடுவாள். சேது ஒருமுறை லோரியில் காத்திருந்த நேரத்தில் கடைசிப் பக்கத்தைப் படித்துவிட்டு, சாப்பிடும்போது கொலைகாரன் பெயரைச் சொல்லிவிட்டார். மூன்று நாள் அவரே சமைத்தார்.

அந்தக் கவ்விதான் போன வருடம் வினையானது.

தோட்டத்தில் ரமணி என்று ஒரு பெண். கலியாணமாகி எட்டு வருடம் கழித்து வயிற்றில் குழந்தை. அதிர்ந்து பேசமாட்டாள். அவளுக்குப் பதிலாகவும் சேர்த்துப் பேச மாமியார் காளியம்மா இருந்தாள். ரமணி ஒன்பதாவது மாதத்தில் கொட்டகையில் கால் நீட்டி உட்கார்ந்து, நாகமணி படிக்கப் படிக்க ஒரு மர்ம நாவலைக் கேட்டுவந்தாள். நீல அட்டை; அட்டையில் தொலைபேசியும் ஒரு பெண்ணின் கையும். அதில் வருகிற டாக்டர் நிரஞ்சன் ஏழைகளிடம் காசு வாங்கமாட்டான். மழையில் நனைந்த நாயைத் தூக்கிவந்து துடைத்துவிடுவான். ரமணிக்கு அவனை நிரம்பப் பிடித்துவிட்டது. "பையனா பொறந்தா இதான்க்கா பேரு" என்றாள்.

"வையி. தங்கமான புள்ள" என்று நாகமணியும் சொல்லிவிட்டாள்.

பையனே பிறந்தான். காளியம்மா குலசாமி பெயரான வீரன்தான் வைக்கவேண்டும் என்று நின்றாள். எட்டு வருடத்தில் முதல்முறையாக ரமணி வாய் திறந்தாள். இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தாள். ரமணியின் கணவன் செல்லன் நடுவில் மாட்டிக்கொண்டு, கடைசியில் பஸ் ஏறிப்போய் 'நிரஞ்சன்' என்றே பதிந்து பிறப்புப் பத்திரத்தோடு வந்தான். அவள் வாழ்க்கையில் வாதாடி வாங்கியது அந்த ஒரு பெயர்தான்.

காளியம்மா தோற்றுப்போகிறவள் அல்ல. ரமணி பிள்ளைப்பேற்று ஓய்வில் வீட்டில் இருந்ததால், பத்து மணிக்கு அவளே கொட்டகைக்கு வந்து உட்கார்ந்தாள். எழுத்துத் தெரியாது, காது கூர்மை. அன்றன்றைய கதையைக் கேட்டுப்போய் மருமகளிடம் ஒரு வரி விடாமல் சொல்வாள். "தங்கமான புள்ளையாம்ல. கடசிவரைக்கும் பாப்போம்" என்று எழுந்திருக்கும்போது மட்டும் ஒரு வார்த்தை விட்டுப்போவாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை நாகமணி கவ்வியைக் கழற்றினாள். போலீஸ் அதிகாரி எல்லாரையும் கூடத்தில் கூட்டிவிட்டார். நாகமணிக்கு எப்போதும் கண் நாக்குக்கு ஒரு வரி முன்னால் ஓடும். "கொலை செய்தவர் வேறு யாருமல்ல..." என்று நாக்கு படிக்கும்போதே கண் அடுத்த வரியைப் பார்த்துவிட்டது.

"நெஞ்சே நின்னுபோச்சுங்க. நாலு கொலையும் அந்தப் பாவிதான். நாயத் தொடச்சானே, அதே கையால!" என்று பிறகு என்னிடம் சொன்னாள். அன்றைக்கு அவள் பலமாக இருமி, புத்தகத்தை மூடி, மூன்று கயிற்றையும் ஒரேயடியாக இழுத்தாள். மூன்று குழந்தைகளும் எழுந்து வீறிட்டன. "மீதி நாளைக்கு!"

"என்னாடி, பேரு வர்ற நேரத்துல?" என்றாள் காளியம்மா.

"புள்ளைங்க அழுவுதுல்ல பெரியம்மா!"

அன்று சாயங்காலம் நாகமணி சோறு வடிக்கவில்லை. ஆறாம் வகுப்போடு நின்ற கை, மகளின் பழைய பள்ளி நோட்டிலிருந்து தாள் கிழித்து எழுத ஆரம்பித்தது. கொலைகாரனாக யாரைப் போடுவது? தோட்டக்காரன் ஏழை, பாவம். சமையல்காரிக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள். வக்கீல் ஒருவர் ஆரம்பத்தில் வந்தார், அவரைப் பற்றி யாருக்கும் பெரிய அபிப்பிராயம் இல்லை. வக்கீலைப் பிடித்தாள். நான்கு தாள். ஆயிரம் அத்தியாயம் எழுதிய எனக்கே அந்த நான்கு தாளைப் பிறகு படித்தபோது கண் கலங்கியது. டாக்டர் நிரஞ்சன், வக்கீல் குத்திய காயத்துக்குத் தானே கட்டுப்போட்டுக்கொண்டு ஒரு ஏழைத்தாய்க்குப் பிரசவம் பார்க்கிறான், அந்தக் குழந்தைக்கு அவன் பெயரையே வைக்கிறார்கள்.

மறுநாள் நோட்டுத் தாளைப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு படித்தாள். "கொலை செய்தவர் வேறு யாருமல்ல, வக்கீல் தர்மலிங்கம்தான்!"

பெண்கள் 'ஆ' என்றார்கள். காளியம்மா மட்டும் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"எந்த வக்கீலு?"

"அதான் பெரியம்மா, தங்கக் கண்ணாடி போட்டவரு."

"அவன்தான் நாலாவது பொணமா குளத்துல மெதந்தான்னு போன வாரம் படிச்சியே?"

பொய் சொல்லத் தெரியாதவள் எழுதிய முதல் கதையில் பிணத்தைக் கொலைகாரன் ஆக்கியிருந்தாள். ஆனால் இருநூறு மர்ம நாவல் படித்தவள் அல்லவா? கயிற்றை ஒரு இழுப்பு இழுத்தாள்.

"சாவல பெரியம்மா. நடிச்சான்! குளத்துல மெதந்தது அவன் ரெட்டப்பொறவி தம்பி."

"அடப்பாவி!" என்றாள் ஒருத்தி. "நான் அன்னிக்கே நெனச்சேன்" என்றாள் இன்னொருத்தி. காளியம்மா அவர்களை ஒரு பார்வை, நாகமணியை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு எழுந்து சேலையை உதறினாள். "அப்போ டாக்டரு நல்லவன்தானா?"

"தங்கம்."

"சரி, இருந்துட்டுப் போறான்."

அன்றிலிருந்து அவள் பேரனை 'நிரஞ்சா' என்று கூப்பிடுகிறாள். அதுவரை 'ஏய்' என்றுதான்.

முடித்த நாவல் தொழிலாளர் லயத்தில் வீடு வீடாகப் போகும், அது வழக்கம். இந்த நாவலையும் கேட்டார்கள். கடைசிப் பக்கங்களைக் கிழித்துவிடலாம். ஆனால் நாகமணி தன் சேலையைக் கிழித்தாலும் கிழிப்பாள், புத்தகத்தைக் கிழிக்கமாட்டாள். எனவே ரெட்டைத் தம்பிக்கு இரண்டு வரி சேர்த்து, சோற்றுப் பசை தடவி, தன் நான்கு தாளையும் அச்சுப் பக்கங்களின்மேல் ஒட்டிவிட்டாள். "எலி கடிச்சிருச்சு, நாந்தான் பாத்து எழுதி ஒட்டினேன்" என்று சொல்லிக் கொடுத்தாள். எட்டு வீடு போய் வந்தது. எல்லாருக்கும் அந்த முடிவு பிடித்திருந்ததாம். நாவல் முழுவதிலும் பிரசவம் பார்த்த இடம்தான் பிரமாதம் என்று என் தங்கையே சொன்னாள்.

என்னிடம் மட்டும் நாகமணி ரகசியத்தைச் சொன்னாள். "எழுதணும்னா எழுதிக்குங்க. எங்க பேரெல்லாம் மட்டும் மாத்திருங்க." மாற்றிவிட்டேன், குழந்தையின் பெயர் உட்பட.

போன விடுமுறையில் ஒரு பத்து மணிக்குக் கொட்டகையில் இருந்தேன். ரமணி வேலைக்குத் திரும்பி நாலு மாதம் ஆகியிருந்தது. மூன்றாவது தொட்டிலில் நிரஞ்சன், ஈறு ஊறும் வயது, தன் கால் விரலையே கடித்துக்கொண்டிருந்தான். ரமணி அவனைத் தூக்கிப் பால் கொடுத்துக் கிடத்திவிட்டு, சோற்றுத் தூக்கைத் திறந்தாள். ஒரு வாய் சாப்பிட்டாள். அலமாரியில் கைக்கெட்டும் உயரத்தில் அந்த நீல அட்டை இருந்தது. எடுத்து மடியில் வைத்துக் கடைசிப் பக்கங்களைப் புரட்டினாள். அவளுக்கு அந்தப் பிரசவக் காட்சியை அடிக்கடி படிக்கவேண்டும்.

ஏழு மாத ஈரக்காற்று பசையைத் தளர்த்தியிருந்தது. நோட்டுத் தாளின் ஒரு மூலை மேலே எழும்பி நின்றது.

ரமணி அந்த மூலையை விரலால் இன்னும் கொஞ்சம் தூக்கினாள். தலையைச் சாய்த்து அடியில் இருந்த அச்சு வரிகளைப் படித்தாள். உதடுகள் எழுத்துக்கூட்டி அசைந்தன, பிறகு அசையவில்லை.

நாகமணியின் கால் கட்டைவிரல் நின்றது. தொட்டில்கள் மூன்றும் நின்றன.

வாசல்படியில் காப்பி ஊதிக்கொண்டிருந்த காளியம்மா திரும்பினாள். "என்னாடி அப்படிக் குனிஞ்சு பாக்குற?"

"ஒண்ணுமில்ல அத்த. எறும்பு."

ரமணி தூக்கிலிருந்து ஒரு பருக்கையை எடுத்தாள். இரண்டு விரலுக்கிடையில் நசுக்கி, எழும்பிய மூலையின் அடியில் தடவி, கட்டைவிரலை அதன்மேல் வைத்து அழுத்தினாள். ஒட்டிக்கொள்ளும்வரை எடுக்கவில்லை.