நம்ம ஊர்ல ஏது குளிரு: லேடாங் மலையில் மாமனாரோடு ஓர் இரவு

போன டிசம்பர் பள்ளி விடுமுறையில் லேடாங் மலையில் கூடாரம் போட்டு ஓர் இரவு தங்கினோம். யோசனை என்னுடையது அல்ல, என் மாமனாருடையது. சாஆ ஊரில் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். வீட்டில் சும்மா உட்கார முடியவில்லையாம், மலை ஏறியே தீருவேன் என்று ஒற்றைக் காலில் நின்றார். மழைக்காலம் மாமா, தள்ளிப் போடுவோம் என்றேன். கேட்டால்தானே!

மூவாரில் எங்கள் வீட்டிலிருந்து தங்காக் வழியாக மலையடிவாரம் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடும். அனுமதியும் வழிகாட்டியும் கட்டாயம். எங்களுக்கு வாய்த்த வழிகாட்டி ஹஃபிஸ், தங்கமான பையன். காலை எட்டுக்கு ஏறத் தொடங்கினோம்.

மாமாவுக்கென்று, உள்ளே புகுந்து படுக்கும் தூக்கப்பை ஒன்று வாங்கிக் கொடுத்திருந்தேன். மேலே போய்ப் பையைத் திறந்தால் அது இல்லை. அந்த இடத்தில் மடக்கு நாற்காலி!

"கனமா இருந்துச்சு மாப்ளே, கார்லயே வெச்சிட்டேன். இங்க என்ன ஸ்னோவா கொட்டுது? நம்ம ஊர்ல எவன் லா குளிர்ல செத்தான்?"

போட்டிருந்தது ஜீன்ஸும் பருத்திச் சட்டையும். இரண்டும் நனைந்தால் லேசில் காயாது. நாலு மணிக்கு மழை பிடித்தது, கூடவே காற்று. கூடாரம் கட்டி முடிப்பதற்குள் மனிதர் தொப்பலாகிவிட்டார். பல் தந்தியடிக்கிறது, சட்டைப் பொத்தானில் விரல் நிற்கவில்லை.

"நனைஞ்ச துணியக் கழட்டுங்க மாமா."

"மாப்ளே முன்னாடியா? சும்மா இருங்க லா. தைலத்தத் தேச்சு காலை அமுக்கி விடுங்க, போதும்."

அதோடு பையிலிருந்து 'மருந்து' என்று ஒரு சின்ன பிராந்தி பாட்டிலை எடுத்தார். பிடுங்கி வைத்தேன். சாராயம் உள்ளே போனால் சூடாகத் தெரியும், ஆனால் உடம்பு இருக்கிற சூட்டையும் இழக்கும். இதைப் பத்து நிமிடம் விளக்கினேன். நனைந்த ஜீன்ஸோடு உட்கார்ந்து என்னோடு வாதம் செய்தார். எரிச்சலில் நான் வெளியே போய் நின்றேன்.

திரும்பி வந்தபோது நடுக்கம் நின்றிருந்தது. "இப்ப குளிரல" என்றார். அப்பாடா என்றிருந்தது. அடுத்து, நாக்கு குழற, "லாரி சாவி எங்க மாப்ளே?" என்றார்.

எனக்கு உயிரே போய்விட்டது. நான் வேலை செய்யும் நாற்காலித் தொழிற்சாலையில் நடந்த முதலுதவி வகுப்பில் சொன்னது நினைவுக்கு வந்தது. உடம்பு சூடாகாமலே நடுக்கம் நின்று பேச்சும் தடுமாறினால் ஆபத்து முற்றுகிறது என்று அர்த்தம். ஹஃபிஸ் உதவி கேட்டுப் போனில் கீழே தகவல் சொன்னான். மழை விட்டால்தான் ஆள் ஏற முடியும் என்றார்கள்.

மரியாதையாவது மண்ணாங்கட்டியாவது! சட்டை, ஜீன்ஸ் எல்லாவற்றையும் மெதுவாகக் கழற்றித் துடைத்தேன். தரையில் பாய் விரித்து, தலைக்குத் தொப்பி மாட்டி, என் தூக்கப்பைக்குள் படுக்க வைத்தேன். ஹஃபிஸ் வெந்நீர் பாட்டில்களைத் துண்டில் சுற்றிக் கொடுக்க, அக்குளில் வைத்தோம். நானும் சட்டையைக் கழற்றி அதே பைக்குள் நுழைந்து அவரைக் கட்டிக்கொண்டேன். கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் நான் அவர் தோளைக்கூடத் தொட்டதில்லை. செத்துத் தொலையாதீங்க மாமா என்று வாய்விட்டே சொன்னேன்.

ஒரு மணி நேரம் கழித்து உடம்பு மறுபடி வெடவெடவென்று நடுங்கியது. நடுக்கத்துக்காக நான் சந்தோஷப்பட்டது அன்றுதான். நன்றாக விழித்து, தெளிவாகப் பேசி, விழுங்க முடிகிறது என்று தெரிந்த பிறகே சூடாக இனிப்பு மைலோ கொடுத்தோம். "சீனி பத்தல" என்றார்.

போகிறவர்கள் கவனியுங்கள். மேலே, அடிவாரத்தைவிட ஏழெட்டு டிகிரி குறைவுதான். ஆனால் ஈரமும் காற்றும் களைப்பும் சேர்ந்தால் அதுவே போதும். சீக்கிரம் காயும் துணி, மழைச்சட்டை, தண்ணீர் புகாத பையில் ஒரு மாற்று உடை, ஆளுக்கொரு தூக்கப்பை கட்டாயம். குளிர்ந்தவரின் கைகாலைத் தேய்க்காதீர்கள், நெருப்புப் பக்கத்தில் உட்கார வைக்காதீர்கள். கிளம்பும் முன் பெரியவர்களின் பையை நீங்களே திறந்து பாருங்கள், கோபித்தால் கோபிக்கட்டும்.

காலையில் மீட்புக்காரர்கள் வந்து, பரிசோதித்து, எங்களைப் பத்திரமாக இறக்கினார்கள். கிளினிக்கிலும் பார்த்துவிட்டு, ரொட்டி சானாய் கடையில் உட்கார்ந்தோம். மாமா என் மனைவிக்குப் போன் போட்டார்.

"எனக்கு ஒண்ணும் இல்லம்மா. மாப்ளேக்குத்தான் குளிரு தாங்கல. ராத்திரி பூரா என்னையக் கட்டிப் புடிச்சிக்கிட்டே கெடந்தாரு."

அவருக்கு இன்னொரு ரொட்டி கொண்டுவரச் சொன்னேன். சொல்லட்டும். சொல்வதற்கு மனிதர் இருக்கிறாரே.