வாய் திறக்காதவர்

துப்பறியும் நாவல் எதுவானாலும், கொலைகாரன் யாரென்று முப்பது பக்கத்துக்குள் சொல்லிவிடுவார் அப்பா. திண்டுக்கல்லில் வெங்காய மண்டி வைத்திருந்தவருக்கு வேறு பெருமை கிடையாது. அதனால், மதுரைக் கோர்ட்டில் ஒரு கொலை வழக்குக்கு அவரை அசெசராகக் கூப்பிட்டபோது, விஷயம் சர்க்கார் வரை எட்டிவிட்டது என்றே நினைத்தேன். அந்தக் காலத்தில் ஜட்ஜோடு ஊர்ப் பெரிய மனிதர்கள் சிலரும் உட்கார்ந்து வழக்கைக் கேட்டு, குற்றவாளியா இல்லையா என்று அபிப்பிராயம் சொல்ல வேண்டும்.

குஜிலியம்பாறைப் பக்கம் விவசாயம் பார்த்த சம்சாரி ஒருவர் சொந்தத் தம்பியை வெட்டிவிட்டார் என்பது வழக்கு. கண்ணால் பார்த்த சாட்சி இல்லை. தினமும் ரயிலில் போய்வந்த அப்பா, வீட்டுக்குள் நுழைந்ததுமே அம்மாவிடம் அந்தப் பேச்சைத்தான் எடுப்பார்.

"என்ன கேட்டாலும் தரையவே பாக்குறான். எனக்கு ஒண்ணும் பிடிபடல" என்றார் ஒருநாள்.

அப்போது நானும் அவரும் படித்துக்கொண்டிருந்த நாவலில் ஒரு பண்ணையார் கொலையாகிக் கிடந்தார். தோட்டக்காரன் மட்டும் வாயே திறக்கவில்லை. அவன்தான் என்று அப்பா எப்போதோ சொல்லியிருந்தார். எனக்கு ஒன்பது வயது, வாய்த்துடுக்குக்குக் குறைவில்லை.

"தப்புப் பண்ணாதவன்னா இல்லைனு சொல்லியிருக்க மாட்டானாப்பா?" என்று கேட்டேன்.

அப்பா சிரிக்காமல் என்னையே பார்த்தார். அந்தக் கேள்வியை நான் கேட்காமல் இருந்திருக்கலாம்.

மறுநாள் குற்றவாளி என்று சொல்லிவிட்டு வந்தார். மற்ற அசெசர்களும் அப்படியே சொன்னார்களாம். ஜட்ஜ் தூக்கு விதித்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நாவலின் கடைசி அத்தியாயத்தை அப்பா எங்களுக்கு வாசித்துக் காட்டினார். கொன்றவள் தோட்டக்காரனின் மகள். பண்ணையார் அவளிடம் முறைகேடாக நடக்கப்போய் அரிவாளைத் தூக்கிவிட்டாள். அவளைக் காட்டிக்கொடுக்க மனமில்லாமல் தகப்பன் பேசாமலே தூக்குமேடை ஏறுகிறான். அந்த இடத்தில் அப்பா புத்தகத்தை என்னிடம் நீட்டிவிட்டார். மீதியை நான்தான் வாசித்தேன்.

"அந்தச் சம்சாரிக்குப் பிள்ளைக இருக்கா?" என்றாள் அம்மா மெல்ல.

"ஒரே மக. தெனமும் கோர்ட்டு வாசல்ல நின்னுக்கிட்டிருந்துச்சு."

எனக்கோ தலைகால் புரியாத சந்தோஷம். அப்பா ஒரு நாவலில் தோற்றது அதுதான் முதல் தடவை. தெருவுக்கு ஓடி, எங்கப்பா தப்பாச் சொல்லிட்டாரு, தப்பாச் சொல்லிட்டாரு என்று கைதட்டிக் கத்தினேன்.

அம்மா என்னை உள்ளே இழுத்து வந்து முதுகில் ஓங்கி வைத்தாள். அப்பா தடுக்கவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்தார். ஒரு நாவலுக்காக ஏன் இந்த அடி என்று தெரியாமல் தேம்பிக்கொண்டிருந்தேன்.