கோலாலம்பூருக்குத் திரும்பிப் போன தண்ணீர்

எனக்கு அவன்மேல் பொறாமை இருந்தது. கொஞ்சநஞ்சமல்ல, வயிறு காந்துகிற பொறாமை. நேரில் மரியாதையாகத்தான் பேசுவேன். எழுத உட்கார்ந்தால் ‘அவன்’ என்றுதான் வருகிறது. வரட்டும். இந்த வயதில் பேனாவுக்கு நல்ல பிள்ளை வேஷம் எதற்கு?

மெர்டேக்கா என்கிற சுதந்திரம் கிடைத்த புதிது. நாங்கள் இருவரும் மலாக்கா டவுனில் ஒரே மாநில அலுவலகத்தில் கிராணிகள், அதாவது குமாஸ்தாக்கள். இருவருக்கும் வீடு காஜா பேராங்கில். அவன் வீடு பெரிய சாலையைப் பார்த்தபடி, சொந்த வீடு, வாசலிலேயே குழாய். என் வீடு அதன் பின்னால் இறங்குகிற சந்தில், வாடகைக்கு. அவன் மலாக்கா செட்டி. எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் கப்பலேறி வந்து, இங்கேயே பெண் கட்டி, இங்கேயே ஊறிப்போனவர்களின் வம்சம். சாமிக்கும் சடங்குக்கும் சில தமிழ்ச் சொற்கள் வைத்திருந்தார்கள். மற்றபடி வீட்டிலும் வெளியிலும் அவர்களுடைய மலாய்தான். நானோ ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவரின் மகன். மண்ணெண்ணெய் விளக்கில் படித்து, ஆங்கிலத்தை நெட்டுருப் போட்டு இந்த நாற்காலிக்கு வந்தவன்.

மாரியம்மன் திருவிழாவில் அவன் சரோங் கட்டிக்கொண்டு முன்னால் நடப்பான். தேவாரத்தில் ஒரு வரி தெரியாது. முழுப் பதிகம் தெரிந்த நான் பின்னால் கூட்டத்தில் இடிபட்டுக்கொண்டு போவேன். அவன் முப்பாட்டன்மார் எழுப்பிய கோயில் அது. அவன் முன்னால் நடப்பதுதான் நியாயம். நியாயம் தெரிந்துவிட்டால் வயிறு எரியாமல் இருந்துவிடுமா என்ன?

அலுவலகத்தில் என் வேலை ‘வோட் புக்’ வைத்துக்கொள்வது. எந்தத் தலைப்பின் கீழ் எவ்வளவு ஒதுக்கியிருக்கிறார்கள், எவ்வளவு போயிற்று, எவ்வளவு மிச்சம் என்று எழுதுகிற பெரிய புத்தகம். ஒரு வேலை தொடங்க வேண்டுமென்றால் ‘பணம் இருக்கிறது’ என்று நான் கையெழுத்துப் போட வேண்டும். அவன் கட்டுமானப் பிரிவு. சாலை, வாய்க்கால், குழாய் எல்லாம் அவன் மேசையில்தான் பிறக்கும். அவன் பிள்ளை பெறுவான், நான் ஜாதகம் எழுதுவேன். பாராட்டு யாருக்குப் போகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

மாநில அரசாங்கம் என்று பெயர்தான் பெரிது. கனமான வரியெல்லாம் கோலாலம்பூருக்குப் போய்விடும். நிலவரி, லைசென்ஸ் என்று சில்லறைதான் எங்கள் கையில் நிற்கும். சம்பளத்தை அப்படியே மாமியார் கையில் கொடுத்துவிட்டு, தலைக்கு எண்ணெய் வாங்கக் காசு கேட்டு நிற்கிற மருமகளின் நிலைமை. ஜனவரியில் கேட்போம். கேள்வி மேல் கேள்வி கேட்டு, ஒருவழியாகப் பணத்துக்கு ‘வாரண்ட்’ என்கிற அனுமதிக் காகிதம் வந்து சேரும்போது வருஷக் கடைசி ஆகிவிடும். அந்த நேரம் பார்த்து மழை. டிசம்பர் முடிவதற்குள் செலவாகாத பணம் திரும்பிப் போய்விடும். அதோடு விட்டார்களா? ‘கொடுத்ததையே செலவழிக்கத் தெரியவில்லை, உங்களுக்கு எதற்கு?’ என்று அடுத்த வருஷம் வெட்டிவிடுவார்கள்.

இந்த மாமியாரிடம் பேசி வாங்குகிற சாமர்த்தியம் அவனுக்கு இருந்தது. ட்ரங்க் கால் போட்டு, “அபாங், தோலோங்லா” என்று இழுப்பான். அண்ணே, கொஞ்சம் உதவி பண்ணுங்களேன் என்று அர்த்தம். அந்தப் பக்கம் இருக்கிறவர் சிரிப்பது என் மேசை வரை கேட்கும். நான் ஒருமுறை அதே மாதிரி பேசிப் பார்த்தேன். “எழுத்து மூலமாக அனுப்புங்கள்” என்று வைத்துவிட்டார்கள்.

இனி தண்ணீருக்கு வருகிறேன். எங்கள் சந்தில் கிணறுதான். உப்பும் துருவும் கலந்த தண்ணீர். சோறு மஞ்சளாக வேகும். குடிக்கவும் சமைக்கவும் பெரிய சாலை முனையில் இருந்த பொதுக்குழாய்க்குப் போக வேண்டும். என் மனைவிக்கு முதல் பிள்ளை ஐந்தாம் மாசத்தில் தங்காமல் போனது. இரண்டாவது முறை உண்டானபோது மருத்துவச்சி, “கனம் தூக்காதே, தூக்கினா இதுவும் தங்காது” என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். விடிவதற்குள் நான் இரண்டு வாளி கொண்டுவந்து வைப்பேன். விடிந்தபின் போக மாட்டேன். வெள்ளைக் கால்சட்டை போட்ட கிராணி வாளி தூக்கினால் சந்தே சிரிக்கும் என்ற நினைப்பு. இரண்டு வாளி எந்த மூலைக்குக் காணும்? மீதியை அவள் இடுப்பிலும் கையிலுமாகச் சுமப்பாள்.

எங்கள் சந்துக்குக் குழாய் போட வேண்டும் என்று அவன்தான் அந்த வருஷம் கேட்டு எழுதினான். நான் கேட்கச் சொல்லவில்லை. சாலை முனையில் என் மனைவி நிற்பதைத் தினமும் பார்த்திருக்கிறான், அவ்வளவுதான். வழக்கம்போல இழுத்தடித்து, நவம்பர் கடைசியில் வாரண்ட் வந்தது. அன்றைக்குச் சாயங்காலம் அவனே சந்துக்குள் வந்து ஒவ்வொரு வீட்டிலும் சொல்லிவிட்டுப் போனான். நான் சைக்கிளை நிறுத்தும்போது என் மனைவி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அப்படி ஒரு முகத்தை அவளிடம் நான் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை.

“என்னங்க, நம்ம சந்துக்குப் பைப்பு வருதாம். டிசம்பர் முடியறதுக்குள்ள தண்ணி விட்ருவாங்களாம். அவரு கோலாலம்பூர்ல பேசி வாங்கிட்டாராம்.”

“பேசிட்டா ஆச்சா? காகிதம் எல்லாம் எங்கிட்டதான் வரணும்.”

“வரட்டும், போட்டு விடுங்க. என்ன இருந்தாலும் அவரு மாதிரி ஆளு வேணுங்க. நீங்களும் அதே ஆபிஸ்லதான் இருக்கீங்க.”

கடைசி வாக்கியத்தை அவள் குத்தலாகச் சொல்லவில்லை. சாதம் வடித்தாயிற்று என்பதைப் போலச் சாதாரணமாகச் சொன்னாள். அதனால்தான் அது ஆழமாக இறங்கியது.

டிசம்பர் முதல் வாரம் கோப்பு என் மேசைக்கு வந்தது. திறந்து பார்த்தேன். வாரண்டில் பணம் ‘குழாய், சாமான்’ என்ற தலைப்பில் ஒதுக்கியிருந்தது. கோப்பிலோ மண் தோண்டுகிற கூலியும் சேர்ந்திருந்தது. கூலிக்குத் தனித் தலைப்பு. சட்டப்படி கோலாலம்பூரில் கேட்டுத் தலைப்பு மாற்ற வேண்டும். வழக்கப்படி யாரும் கேட்க மாட்டார்கள். ‘பின்னர் சரிசெய்யப்படும்’ என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு, வேலை முடிந்தபின் அனுமதி வாங்கிக்கொள்வோம். அதே வருஷம் எங்கள் மேலதிகாரி, பெரிய துவானின் பங்களாவுக்கு வேலி போட்டபோது இதே கோளாறு வந்தது. அந்த ஒரு வரியை எழுதி அனுப்பியவன் சாட்சாத் நான்தான்.

இந்த முறை நான் அந்த வரியை எழுதவில்லை. வெள்ளைக் காகிதத்தை டைப்ரைட்டரில் செருகி, மேற்படி விஷயத்தில் தங்கள் மேலான விளக்கம் தேவை என்று கோலாலம்பூருக்குக் கடிதம் அடித்தேன். ட்ரங்க் காலில் கேட்டால் பத்து நிமிஷ வேலை. தபாலில் போனால் டிசம்பர் தாண்டித்தான் பதில் வரும் என்று அந்த அலுவலகத்தில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் யாருமில்லை. விதி விதிதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அடுத்த வருஷம் நானே கேட்டு வாங்கிக் கொடுப்பேன், அப்போது அவள் என்னைப் பார்த்து அப்படிச் சிரிப்பாள் என்றும் சொல்லிக்கொண்டேன். ஒரு எழுத்துப் பிழை இல்லாத கடிதம் அது.

அவன் இரண்டு முறை என் மேசைக்கு வந்தான். “கோப்பு எங்கே இருக்கிறது?” என்று மலாயில் கேட்டான். “விளக்கம் கேட்டிருக்கிறேன்” என்றேன். பேசிப் பார்க்கட்டுமா என்றான். எழுத்தில் போனதற்கு எழுத்தில்தான் பதில் வர வேண்டும் என்று வாயை அடைத்துவிட்டேன். அவன் கோப்பை வாங்கி என் கடிதத்தின் நகலை நின்றபடியே படித்தான். வேலி விஷயம் அவனுக்கும் தெரியும். அந்த வேலியைப் போட்டதே அவன் பிரிவுதான். கோப்பை மூடி என் முன்னால் மெதுவாக வைத்தான். “காகிதம் சரியாகத்தான் இருக்கிறது” என்று மட்டும் சொன்னான்.

பணம் திரும்பிப் போய்விட்டது. பதில் ஜனவரியில் வந்தது: தலைப்பு மாற்ற ஆட்சேபணை இல்லை, ஆனால் ஒதுக்கீடு காலாவதியாகிவிட்டது. பின்னாலேயே இன்னொரு கடிதம்: மலாக்காவுக்கு அவசரத் தேவை இருப்பதாகத் தெரியவில்லை, இவ்வருஷம் அந்தத் தலைப்பில் வேறு மாநிலத்துக்கு முன்னுரிமை. பெரிய துவான் என்னைக் கூப்பிட்டு, விதிமுறையில் இவ்வளவு கவனமாக இருப்பவர்கள் அபூர்வம் என்று தோளில் தட்டினார். எனக்கு இனித்தது என்றுதான் சொல்ல வேண்டும். அன்றைக்கு இனித்தது.

பணம் திரும்பிப் போய்விட்டது என்று நான் சொன்னதை வீட்டில் என் மனைவி நம்பவில்லை. நான் சொன்னால் எதையும் நம்பாத காலம் அது. நேரே அவன் வாசலுக்குப் போய், தனக்குத் தெரிந்த கடைத்தெரு மலாயில் கேட்டாள், யார் நிறுத்தியது என்று. நான் பின்னாலேயே போய் வேலியோரம் நின்றேன். அவன் என்னைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்து, “கோலாலம்பூர்” என்றான்.

அன்றிலிருந்து ஒவ்வொரு குடத்துக்கும் ஒரு சாபம். “அந்தக் கோலாலம்பூர்க்காரன் வீட்டுக் குழா வத்திப் போவட்டும்” என்று குடத்தை இறக்குவாள். “எழுதின கையி வெளங்காமப் போவட்டும்” என்று வாளியை இறக்குவாள். நான் அந்தத் தண்ணீரில் போட்ட காப்பியைக் குடித்துக்கொண்டு செய்தித்தாளைத் திருப்புவேன்.

பிப்ரவரியில் ஒரு காலை, வாய்க்கால் மேல் போட்டிருந்த பலகையில் குடத்தோடு வழுக்கி விழுந்தாள். வயிற்றில் ஏழு மாசம். பக்கத்து வீட்டுப் பையன் ஓடிவந்து சொன்னபோது நான் அலுவலகத்தில் அந்த வோட் புக்கில்தான் எழுதிக்கொண்டிருந்தேன். எப்படி சைக்கிள் மிதித்தேன் என்று இன்றைக்கும் நினைவில்லை. மருத்துவச்சி அவளைப் படுக்கவைத்துவிட்டு, மூன்று நாள் போனால்தான் எதுவும் சொல்ல முடியும் என்றாள். அந்த மூன்று நாளும் அவன் சரோங்கை மடித்துக் கட்டிக்கொண்டு, பட்டப்பகலில், சந்தே பார்க்கத் தன் வீட்டுக் குழாயிலிருந்து எங்கள் வீட்டுக்கு வாளி சுமந்தான். ஒருவரும் சிரிக்கவில்லை. நான்காம் நாளிலிருந்து நான் சுமந்தேன், வெள்ளைக் கால்சட்டையோடு. அதற்கும் ஒருவரும் சிரிக்கவில்லை. பிள்ளை தங்கியது. பெண். என் புண்ணியத்தால் தங்கவில்லை என்பதை மட்டும் எழுதி வைக்கிறேன்.

மறுபடி வாரண்ட் வர மூன்று வருஷம் ஆனது. இந்த முறையும் கேட்டு வாங்கியவன் அவன்தான். இந்த முறையும் தலைப்பில் அதே மாதிரி ஒரு கோளாறு. கோப்பு என் மேசைக்கு வந்த அன்றே ‘பின்னர் சரிசெய்யப்படும்’ என்று எழுதி, மை காய்வதற்குள் நானே நடந்துபோய் அவன் கையில் கொடுத்தேன். அவன் வாங்கிக்கொண்டான்.

சந்தில் தண்ணீர் விட்ட அன்று என் மனைவி முதல் குடத்தை மாரியம்மனுக்குக் கொடுத்தாள். இரண்டாவது குடத்தை, அவன் வீட்டில் குழாய் இருந்தும், அவனுக்கென்று சுமந்தாள். நான் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு கூடவே போனேன். அவன் வாசலில் நின்றான். குடத்தைப் பார்த்ததும் ஒரு எட்டுப் பின்னால் போனான். அவளுக்குப் புரிகிற மாதிரி நிறுத்தி நிறுத்தி மலாயில் சொன்னான்:

“இது எனக்கு இல்லை. உன் புருஷனுக்குக் கொடு. அவர் கையெழுத்துப் போட்டார், அன்றைக்கே போட்டார். அது இல்லாமல் ஒரு சொட்டு வந்திருக்காது.”

அதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. என் மனைவி திரும்பி என்னைப் பார்த்தாள். எந்தப் பார்வைக்காக அந்தக் கடிதத்தை அடித்தேனோ, அதே பார்வை. நான் தலையைக் குனிந்தேன். அடக்கம் என்று நினைத்துக்கொண்டாள். “சொல்லவே இல்லையேங்க” என்றாள்.

அதற்குப் பிறகு குழாயடியில் யார் வந்தாலும், “எங்க வீட்டுக்காரரு கையெழுத்துப் போட்டு வந்த தண்ணி” என்று அவள் சொல்லாத நாளில்லை. நான் திருத்தவில்லை. என்னைத் தவிரத் திருத்தியிருக்கக்கூடியவன் அவன் ஒருவன்தான். எத்தனையோ வருஷம் அந்த வழியாகப் போனான், அவள் சொல்வதைக் கேட்டான், தலையாட்டிவிட்டு நடந்தான். கடைசிவரை யாரிடமும் வாயைத் திறக்காமலே போய்ச் சேர்ந்தான். அதற்கும் எனக்கு அவன்மேல் பொறாமைதான்.