கைக்குட்டைக்காரருக்கு வைத்த விருந்து

போன வாரம் மலாக்காவில், பத்து பெரெண்டாம் பக்கம் ஒரு பேரங்காடியில் யாரோ ஒரு சிஞ்சாலோக் பாட்டிலைக் கைதவறிப் போட்டு உடைத்துவிட்டார்கள். சுற்றியிருந்த கூட்டம் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓட, நான் மட்டும் தள்ளுவண்டியைப் பிடித்தபடி நின்று சிரித்துக்கொண்டிருந்தேன். கிழவிக்கு மூளை குழம்பிவிட்டது என்று நினைத்திருப்பார்கள். நினைக்கட்டும். அந்த வாடைக்கும் எனக்கும் ஒரு பழைய வழக்கு இருக்கிறது.

சிஞ்சாலோக் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கூனி இறாலில் உப்பும் கொஞ்சம் சோறும் போட்டு பாட்டிலில் அடைத்து வைப்பார்கள். சில நாளில் இறால் தானாகவே கரைந்து, இளஞ்சிவப்பாக, மூக்கைத் துளைக்கும் ஒரு குழம்பாகிவிடும். மலாக்காக்காரர்களுக்கு அது அமிர்தம். இறாலின் சதையைக் கரைப்பதில் பெரும்பங்கு இறாலின் உடம்புக்குள்ளேயே இருக்கும் சரக்குகளுக்குத்தான். செத்த உயிரணு தன்னைத் தானே தின்றுகொள்கிறது. சரி, உயிருள்ள உயிரணு என்ன செய்கிறது? அதுதான் அந்த நாளில் என் பிழைப்பு.

இங்கிலாந்தில் முனைவர் பட்டம் வாங்கிக்கொண்டு கப்பலேறி வந்தேன். சிங்கப்பூரில் ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில் உதவித்தொகை கொடுத்து வைத்துக்கொண்டார்கள். உடம்பில் ஒருமுறை உருவான புரதம் சுவரில் வைத்த செங்கல்போல அப்படியே இருக்கிறதா, அல்லது உயிரணு அதை ஓயாமல் இடித்து இடித்துக் கட்டுகிறதா என்பது கேள்வி. செங்கல் கட்சியில் பெரிய பெரிய தலைகள் இருந்த காலம்.

எலிக்குக் கதிரியக்கம் ஏற்றிய அமினோ அமிலத்தை ஊசிமூலம் செலுத்துவேன். அது புரதத்தில் சேர்ந்த பிறகு ஈரலை எடுத்து, வெற்றிலையைவிட மெல்லிசாகச் சீவி, புட்டிகளில் போட்டு, வெதுவெதுப்பான தொட்டியில் ஆட்டிக்கொண்டே இருப்பேன். வெளியே எவ்வளவு கதிரியக்கம் கசிகிறதோ அவ்வளவு புரதம் உடைந்திருக்கிறது என்று அர்த்தம். ஒரு நாள் சில புட்டிகளுக்குக் காற்றை நிறுத்திப் பார்த்தேன். உடைவது மளமளவென்று குறைந்துவிட்டது. திரும்பத் திரும்பச் செய்தேன், அதே முடிவுதான். ஒரு வீட்டைக் கட்டத்தான் கூலி வேண்டும், இடிந்து விழுவதற்கு எதற்குக் கூலி? ஆனால் இங்கே காற்றில்லாமல், சக்தியில்லாமல், இடிக்கும் வேலையே நடக்கவில்லை. அப்படியானால் இது தானாக அழுகிப்போவதல்ல, உயிரணு செலவு செய்து, பார்த்துப் பார்த்து இடிக்கிறது. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

விடுமுறைக்கு மலாக்காவில் காஜா பெராங் வீட்டுக்கு வந்தபோது அப்பாவிடம் சொன்னேன். அப்பா சுங்க ஆபீஸில் கிராணி, அதாவது குமாஸ்தா.

"அப்ப நம்ம உடம்பு தெனந்தெனம் புதுசுன்றே?"

"ஆமாப்பா."

"அப்புறம் ஏன்மா எனக்கு மூட்டு மட்டும் பழசாவே வலிக்குது?"



எங்கள் கூடத்தின் தலைவரைப் பற்றி இப்போது சொல்ல வேண்டும். அவர் பெயரை எழுதமாட்டேன். அவர் என் பெயரை எழுதவில்லை, நான் அவர் பெயரை எழுதவில்லை, கணக்கு நேர். எந்நேரமும் மூக்கருகே ஒரு கைக்குட்டை வைத்திருப்பார். எலி வாடை ஆகாது, எங்கள் சாப்பாட்டு டப்பாவின் வாடை அதைவிட ஆகாது. புதன்கிழமைக் கூட்டத்தில் நான் முடிவுகளைச் சொல்லி முடித்ததும் கைக்குட்டையை எடுக்காமலே பேசினார்.

"இது ஊசிப்போன சரக்கு, மிஸ். மலாக்கா அடுப்படியிலருந்து கிருமியையும் கூட்டிட்டு வந்துட்டீங்க. புரதத்தை ஒடைச்சது உங்க ஊரு எறால் விழுது, அந்த பெலாச்சான்தான்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் விடவில்லை.

"கிருமியா இருந்தா காத்த நிறுத்தினதும் ஏன் டாக்டர் நிக்கணும்? காத்தில்லாமலே கொழிக்கிற கிருமி எத்தனை இருக்கு! ஊசிப்போயிருந்தா நாறாதா? மோந்து பாருங்க."

புட்டியை நீட்டினேன். அவர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டார். இன்னொரு சிரிப்பு. என் உதவித்தொகை அந்த ஆண்டோடு நின்றது. ஊரெல்லாம் மெர்டேக்கா என்று முழங்கிக்கொண்டிருந்த நேரம். எனக்கும் விடுதலை கிடைத்திருந்தது, வேலையிலிருந்து.

மலாக்காவில் ஒரு பெண்கள் பள்ளியில் அறிவியல் டீச்சரானேன். கொஞ்ச காலம் கழித்து, ஒரு சஞ்சிகையில் அவருடைய கட்டுரை. காற்றை நிறுத்தினால் புரதம் உடைவது குறைகிறது, ஆகவே உடைப்பதற்கும் சக்தி தேவை. என் புட்டிகள், என் எலிகள், என் வாதம். கிருமி இல்லை என்று நிரூபித்த விதம்கூட நான் அன்று மேசையில் சொன்னதுதான். முடிவில் புட்டி கழுவிய பெண்ணுக்குப் பெயர் சொல்லி நன்றி. என் பெயர் எங்குமில்லை. அன்றைக்கு என் வயிறு எரிந்த எரிச்சலில் ஒரு பானைச் சோறு வெந்திருக்கும்.

கடவுள் இருக்கிறார் என்று நான் நம்பியது அதற்கடுத்த வருடம். எங்கள் பள்ளிப் பரிசளிப்பு விழாவுக்கு அவர்தான் சிறப்புப் பேச்சாளர்.

"நீங்க அவருகிட்ட வேல பாத்தவங்கதானே டீச்சர்? மத்தியானச் சாப்பாடு ஒங்க வீட்டுல வச்சிக்கலாமா?" என்றார் தலைமையாசிரியை.

"தாராளமா" என்றேன்.

பக்கத்து வீட்டில் ஒரு மலாக்காச் செட்டிப் பெண்மணி, தலைமுறைகளாக மலாய் பேசும் தமிழ் வம்சம். அவரை பீபி என்று கூப்பிடுவோம். அவரிடம் போய் இருப்பதிலேயே முற்றிய சிஞ்சாலோக்காகக் கேட்டேன். யாருக்கு என்று விசாரித்தவர், "ஜாங்ஙான் லா, துவான் இத்து தாக் தாஹான்" என்றார். வேண்டாம், அந்த ஆளால் தாங்க முடியாது என்று. அதற்காகத்தானே பீபி!

வெங்காயம், மிளகாய், எலுமிச்சம்பழம் எல்லாம் போட்டு அழகாகத்தான் கலந்தேன். பரிமாறியது அப்பா. வீட்டுப் பெரியவர் கையால் வைத்ததை இலையில் ஒதுக்குவது எங்கள் பக்கத்தில் பெரிய அவமரியாதை, அது அவருக்கும் தெரியும். "சாப்புடுங்க டாக்டர், எங்க ஊரு ஸ்பெஷல்" என்று அப்பா ஒன்றுமறியாமல் உபசரிக்க, விருந்தாளியின் இடதுகை கைக்குட்டைக்காகச் சட்டைப்பையைத் தேடியது. நான் இலைக்கு நேரே குனிந்தேன்.

"ஏன் டாக்டர், ஊசிப்போச்சா? மோந்து பாருங்க."

நிமிர்ந்து என்னைப் பார்த்தார். இப்போது புரிந்துவிடும், முகம் வெளுக்கும் என்று காத்திருந்தேன். அவர் தலைமையாசிரியை பக்கம் திரும்பினார்.

"இவங்கள எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. எங்க லேப்ல புட்டியெல்லாம் ரொம்பச் சுத்தமா கழுவுவாங்க."

மறந்தாரா, மறந்ததுபோல் நடித்தாரா, தெரியாது. எதுவானாலும் மன்னிப்புக் கிடையாது. அப்பா கையிலிருந்த கிண்ணத்தை வாங்கி இன்னும் இரண்டு கரண்டி வைத்தேன். கண்ணில் நீர் வழிய அத்தனையும் தின்றார். அன்று மாலை சிறப்புரை மிகவும் சுருக்கமாக முடிந்தது. பேச்சாளரைப் பாதியில் அவசரமாக மேடையிலிருந்து இறக்கிக்கொண்டு போனதை மாணவிகள் வெகுநாள் பேசிச் சிரித்தார்கள். உலக அறிவியலில் என் பங்குக்குக் கிடைத்த ஒரே கைதட்டல் அது.

இப்போது அவர் இல்லை, அப்பா இல்லை, சிங்கப்பூர்க் கட்டடத்தை இடித்துவிட்டார்கள். என் சாஸ்திரப்படி பார்த்தால் நானும்தான் இல்லை. அன்று புட்டியை நீட்டிய கையின் சதை, படபடத்த நெஞ்சின் சதை, எல்லாம் எத்தனையோ முறை இடிபட்டுக் கட்டப்பட்டுவிட்டது. உடம்பில் இதற்குத் தப்புகிற இடங்கள் வெகு சில. கண்ணின் வில்லை அதில் ஒன்று. அதன் நடுவிலுள்ள புரதம் தாய் வயிற்றில் உருவானது, மாறுவதே இல்லை. அந்தப் புதன்கிழமையைப் பார்த்த பொருள் என்று என்னிடம் மிஞ்சியிருந்தது அந்த இரண்டு வில்லைகள்தான்.

போன மாதம் கண்புரை என்று சொல்லி அதையும் எடுத்துவிட்டார்கள். எடுத்ததை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். "ஒடச்சி உறிஞ்சி எடுத்துட்டோம் ஆன்ட்டி. புது லென்ஸ் போட்டாச்சு, இனிமே எல்லாம் பளிச்சுனு தெரியும்" என்றாள் அந்தச் சின்ன டாக்டர்.

உண்மைதான். அந்த மேசையைச் சுற்றி யார் யார் எந்த நாற்காலியில் உட்கார்ந்து சிரித்தார்கள் என்பது முதற்கொண்டு, பளிச்சென்று தெரிகிறது.